புதன்கிழமை விடுப்பு

தமயந்தி டீச்சர் இறந்துவிட்டார் என்று தலைமையாசிரியர் அலைபேசியில் சொன்னபோது, நான் செங்கல் சூளையிலிருந்து பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்து வந்துகொண்டிருந்தேன். கண்மாய்க் கரையில் நின்றுவிட்டேன். முன்னே போன பிள்ளைகளும் நின்று என்னைப் பார்த்தார்கள். அவர்கள் மொழியில் அதைச் சொல்ல எனக்குச் சொல் இல்லை.

ஆர்.எஸ்.மங்கலம் பக்கத்துச் சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். அந்தப் பிள்ளைகளை எங்கள் தொடக்கப் பள்ளிக்குக் கொண்டுவந்தவர் டீச்சர் என்பது, அவர் நினைவாக இங்கே கூடியிருக்கும் உங்களில் பலருக்குத் தெரியும். எப்படி என்பதை நான் அருகிலிருந்து பார்த்தேன். குடிசை வாசலில் நின்று, உள்ளங்கையைக் குவித்து வாயருகே கொண்டுபோவார். தண்ணீர் வரும். குடித்துவிட்டு, அந்த வீட்டுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அடுத்த குடிசையிலும் கேட்பார்.

"எத்தனை வீட்டுலதான் டீச்சர் குடிப்பீங்க?" என்று கேட்டேன்.

"ஒரு வீட்ட விட்டுட்டா அந்த வீட்டுப் பிள்ள வராதுத்தா."

நிலபுலன் உள்ள குடும்பத்துப் பெண் அவர். கூலிக்குப் போன இடங்களில் என் அம்மா தண்ணீர் கேட்டு நின்றதைப் பார்த்து வளர்ந்தவள் நான். டீச்சரே கேட்டு நிற்பது எனக்குப் புதிது.

எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான்தான். ஆசிரியர் அறையில் நாற்காலி நுனியில்தான் உட்காருவேன். "எனக்குத் தமிழ்லயே பேச வராது டீச்சர்" என்று ஒருமுறை சொன்னேன். "தெரியாத பாஷையில என்னத்தா கூச்சம்? தப்பாப் பேசு, பிள்ளைக சிரிக்கும். சிரிச்ச பிள்ள மறுநாளும் வரும்" என்றார்.

ஓய்வு பெறும் ஆண்டில் தலைமையாசிரியர் கேட்டார்: "திருப்புல்லாணிக்கு மகன் வீட்டோட போயிருவீகளா டீச்சர்?"

"அது பெறகு சார். நான் போனா இந்தப் பிள்ளைக வருமா, வராதா? மொதல்ல அதப் பாக்கணும்."

அதற்காகவே புதன்கிழமைகளில் விடுப்பு எடுத்தார். அலைபேசியையும் அணைத்துவிட்டார். முதல் புதனன்று சூளையிலிருந்து ஒரு பிள்ளையும் வரவில்லை.

மறுநாள், "பிள்ளைக படிப்பு கெடுது டீச்சர்" என்றார் தலைமையாசிரியர்.

"கெடட்டும் சார். இப்பக் கெட்டா சரி பண்ண நான் இருக்கேன். அடுத்த புதனும் லீவுதான்."

அந்தப் புதன் சூளைக்கு நான் போனேன். குடிசை வாசலில் நின்று கையைக் குவித்தேன். மாலதி என்ற சிறுமி செம்பிலிருந்து ஊற்றினாள். பாதி கையில் நிற்கவில்லை; முழங்கை வழியே ஓடிச் சேலையை நனைத்தது. அவள் சிரித்தாள். எனக்குத் தெரிந்த ஒரே ஒடியாச் சொல்லைத் தப்பாகச் சொன்னேன். வாசலுக்கு வாசல் சிரிப்பு. பிள்ளைகள் சிரித்தபடியே பைகளோடு வந்தார்கள்.

வியாழனன்று டீச்சர் என்னைக் கூப்பிட்டார். "எல்லா வீட்டுலயும் குடிச்சியா?"

"குடிச்சேன் டீச்சர்."

"வயிறு என்னாச்சு?"

"மத்தியானம் சோறு எறங்கல."

"அப்பச் சரி. நான் ரிட்டயர் ஆகலாம்" என்றார். அவர் முகத்தில் அத்தனை பெருமிதத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

செய்தி வந்த அன்று கரையிலிருந்தே அவர் வீட்டுக்கு ஓடிவிடத்தான் நினைத்தேன். பிள்ளைகளை வகுப்பில் உட்கார வைத்துவிட்டே போனேன். அவர் இல்லாத நாளுக்குத்தானே அந்தப் புதன்களில் விடுப்பு எடுத்தார்.

வாசலில் நின்று கை குவிக்கும் துணிவு அவர் எனக்கு விட்டுப்போனது. இன்றும் ஒரு வீட்டையும் நான் விடுவதில்லை.