நீல மீன் வந்த வாரம்

பட்டுக்கோட்டையில் எங்கள் ஹாலில் உள்ள சிறிய கடல்நீர்த் தொட்டியில் இரண்டு கோமாளி மீன்களை வளர்த்தவள் மகள் ஜெனி. பள்ளி விட்டு வந்ததும் யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் அதன் முன் உட்காருவாள். இப்போது அவளுக்கு ஜெர்மனியில் வேலை.

“தொட்டி வெறிச்சுன்னு இருக்கே” என்று கணவர் ஒரு நீல மீன் வாங்கி வந்தார். மறுநாள் கோமாளி மீன் ஒன்று துடுப்பு கிழிந்து மூலையில் ஒதுங்கிக் கிடந்தது. பதறிப்போய் ஜெனிக்கு வீடியோ காலில் காட்டினேன்.

“அம்மா, அது டாம்செல்ங்கிற சண்டைக்கார மீன். சின்னத் தொட்டியில மத்த மீனை விரட்டிக் கடிச்சே கொன்னுடும். உடனே வெளியில எடுங்க” என்றாள்.

அது ஓடி ஒளிந்த கற்களையெல்லாம் தொட்டியிலிருந்து அகற்றித்தான் அதைப் பிடிக்க முடிந்தது. கடையிலேயே திருப்பிக் கொடுத்தோம். சில நாட்கள் இரை தொடாத கோமாளி மீன் ஒரு மாலை மேலே வந்து தின்றபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. ஜெனியின் பள்ளி நாட்களிலிருந்து வீட்டில் மிச்சமிருப்பவை அந்த இரண்டு மீன்கள்தானே.

இப்போது நிறத்தைப் பார்த்து மீன் வாங்குவதில்லை. சாதுவானதா, சின்னத் தொட்டிக்கு ஒத்துவருமா என்று கடையிலிருந்தே ஜெனியிடம் கேட்டுவிடுகிறோம்.