பழவேற்காட்டுப் படகில் அக்காவும் பாவாவும்

அக்காவையும் அவள் புருஷன் பாவாவையும் ஒரே படகில் உட்கார வைப்பது என்பது எங்கள் நைனாவின் யோசனை. "வீட்ல பேச உக்கார வச்சா யாராச்சும் ஒருத்தர் எழுந்து பூடறாங்க. தண்ணி நடுவுல எங்க எழுந்து போவாங்க, சொல்லு பாக்கலாம்?" என்று என்னிடம் கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அதைவிட நல்ல யோசனை வீட்டில் யாரிடமும் இல்லை.

அக்காவின் முதல் குழந்தை பிறந்த சில வாரங்களிலேயே காய்ச்சலில் போய்விட்டது. பிரசவத்துக்காகத் திருத்தணிக்கு வந்தவள் எங்களோடேயே தங்கிவிட்டாள். பாவாவுக்கு அரக்கோணத்தில் ரயில்வே வேலை. அடக்கத்துக்கு வந்தார், கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டார், கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. டூட்டி இருக்கிறது என்று சாயந்திர ரயிலுக்கே கிளம்பிவிட்டார். "அது மனுஷன் இல்ல, கல்லு. கல்லோட நான் குடும்பம் நடத்த மாட்டேன்" என்றாள் அக்கா. அப்புறம் ஞாயிற்றுக்கிழமைதோறும் பாவா வருவார், இவள் சமையல்கட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். கிறிஸ்மஸுக்குள் அக்கா வராவிட்டால் இனி வரவே வேண்டாம் என்று பாவாவின் அம்மா சொல்லியனுப்பியதிலிருந்து நைனாவுக்குத் தூக்கம் போய்விட்டது.

உலகச் சண்டை முடிந்து, ரேஷன் மட்டும் முடியாத காலம் அது. பழவேற்காட்டில் ஒரு படகுக்காரர் வெளியூர்க்காரர்களை ஏரிக்குள் கூட்டிப்போய்த் தூண்டில் போட வைக்கிறார் என்று பொன்னேரி உபதேசியார் நைனாவிடம் சொல்லியிருந்தார். துரைமார்கூட அவரிடம் வருவார்களாம். "காத்து மாறினா ஒடம்புக்கு நல்லதும்மா" என்று மட்டும் சொல்லி நைனா அக்காவைக் கிளப்பினார். பொன்னேரியில் ரயிலைவிட்டு இறங்கினால், புதுத் தூண்டில் கழியோடு பாவா நிற்கிறார். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் நான் அங்கேயே பொசுங்கிப் போயிருக்க வேண்டும். திரும்பிப் போக வண்டி இல்லாததால் வந்தாள்.

படகுக்காரர் வாய் ஓயாதவர். "உள்ள பூட்டா ஒரு மடக்கு நல்ல தண்ணி கெடைக்காது, எல்லாம் உப்பு" என்று சொல்லி, பெரிய பானை நிறையக் குடிதண்ணீரைப் படகின் பின்பக்கம் ஏற்றிவைத்தார். கழியை ஊன்றித் தள்ளிக்கொண்டே, "கடல் தண்ணி உள்ள ஏறிகினு இருக்குது. மீனும் அதோட வரும். முள்ளுல இறால் குத்திப் போடுங்க. தொட்டதும் இழுக்காதீங்க, நல்லா வாயில வாங்கட்டும்" என்றார். அலையே இல்லை. ஏரி தட்டில் ஊற்றிவைத்த மாதிரி கிடந்தது. எனக்கு அந்த இடம் ரொம்பப் பிடித்துவிட்டது. வந்த காரியமே கொஞ்ச நேரம் மறந்துபோனது.

அக்கா முன்பக்கம், பாவா பானைக்குப் பக்கத்தில் பின்பக்கம், நடுவில் நானும் நைனாவும். படகிலிருந்து எழுந்து போக முடியாதுதான். முதுகைத் திருப்பிக்கொண்டு உட்காரலாமே, அதை நைனா யோசிக்கவில்லை. அக்கா அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். பாவாவின் தூண்டிலில் ஏதோ மாட்டியது, படகுக்காரர் "ஆங், கிழங்கான், நல்ல மீனுங்க" என்றார், அதற்கும் அவள் திரும்பவில்லை.

வெயில் ஏறியது. தாகம் என்று செம்பை எடுத்துக்கொண்டு பானை மூடியைத் திறந்தேன். உள்ளே அந்த மீன் சுற்றிக்கொண்டிருக்கிறது!

"ஐயோ பாவா! உங்களுக்கு மூளை கீளை இருக்குதா? குடிக்கிற தண்ணி!" என்று கத்தினேன்.

"உசுரோட இருக்கட்டும்னு உட்டேன்" என்றார்.

எங்கள் ஊர் வழக்கம் அது. நல்ல தண்ணீர் ஏரியில் பிடித்த விராலைப் பானைத் தண்ணீரில் போட்டுத்தான் கொண்டுவருவார்கள். குழம்பு வைக்கிற வரைக்கும் அது வீட்டுப் பானையில் நீந்திக்கொண்டிருக்கும். மனுஷர் அதே நினைப்பில் செய்துவிட்டார். படகுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "இது விராலா சாமி? உப்புத் தண்ணி மீனுங்க. பானைல நிக்காது."

அவர் சொல்லும்போதே மீன் ஒருக்களித்துவிட்டது. பாவா கையை விட்டு அதை நிமிர்த்திப் பிடித்தார். செவுள் ஒரு தரம் அசைந்தது. கையை எடுத்தால் மறுபடி சாய்ந்தது. அவசர அவசரமாக ஏரித் தண்ணீரைச் செம்பில் மொண்டு பானையில் ஊற்றினார், மறுபடி நிமிர்த்தினார்.

"உட்டுடுங்க, பூட்டுச்சு" என்றார் படகுக்காரர்.

பாவா விடவில்லை. மீனை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, "இதையும் என்னால காப்பாத்த முடியலையே" என்றார். சொல்லிவிட்டு ஓவென்று அழ ஆரம்பித்தார். அவ்வளவு பெரிய ஆள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. கத்தின வாயை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அக்கா திரும்பினாள். எழுந்தாள். "உக்காருங்கம்மா, படகு சாயுது!" என்று படகுக்காரர் அலறியதை அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. என் தோளைப் பிடித்து, நைனாவின் காலை மிதித்துத் தாண்டிப்போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு ஏன் அழல?"

"நானும் அழுதா நீ என்னாவறது? வண்டி ஏறி, கதவாண்ட நின்னுகினு, அரக்கோணம் வரைக்கும் அழுதுகினேதான் போனேன்."

"பாவி மனுஷா, அதை எங்கிட்ட வந்து அழுதிருக்கக் கூடாதா?" என்று அவர் தோளில் இரண்டு கையாலும் அடித்தாள். அடித்துக்கொண்டே அவளும் அழுதாள். நைனா தன் தூண்டிலையே பார்த்துக்கொண்டு, "கடிக்குது, கடிக்குது" என்றார். ஒன்றும் கடிக்கவில்லை.

கரைக்கு வந்து கிணற்றடியில் தண்ணீர் குடிக்கிற வரைக்கும் எல்லாருக்கும் நாக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. திரும்பும் வழியெல்லாம் அக்காவும் பாவாவும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள், அவ்வளவுதான். நைனாவுக்கு என்ன கேட்பது என்று புரியவில்லை.

அரக்கோணத்தில் ரயில் நின்றது. பாவா இறங்கி, ஜன்னலண்டை வந்து, "ஞாயித்துக்கெழமை வரேன் மாமா" என்றார்.

"வர வேணாம்" என்றாள் அக்கா. நைனாவின் முகம் செத்துவிட்டது. அவளோ மீன் நாற்றம் அடிக்கிற புடவையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். வண்டியைவிட்டு இறங்கி, பாவாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்தாள்.

"என் துணிமணியெல்லாம் நாளைக்கு எடுத்துகினு வா. தலகாணி அடியில கொழந்தை சட்டை ஒண்ணு கீது, அதையும் மறக்காம எடுத்தா. இவரு அதைப் பாத்ததே இல்ல."