அழித்துத் திருத்திய வரி

நான் அமீர்பேட் வகுப்புகளுக்கு அலைந்து கோடிங் படித்தேன். மல்காஜ்கிரியில் இருந்த என் தோழி நாள் முழுக்க வீட்டிலேயே ஆன்லைன் வீடியோ பார்த்துப் படித்தாள். அவளுடைய வேலை இன்டர்வியூவுக்கு முன்பு, வீடியோ இல்லாமல் கம்ப்யூட்டரில் ஒரு புரோகிராம் எழுதிக் காட்டச் சொன்னேன். மளமளவென்று எழுதினாள். நடுவில் ஒரு வரியைத் தப்பாக எழுதி, உடனே அழித்துத் திருத்தினாள். அதையே மறுபடி எழுதச் சொன்னேன். அதே இடத்தில் அதே தப்பு, அதே திருத்தம்.

"தெரிஞ்சே ஏன்டி தப்பா எழுதுற?"

"வீடியோல சார் அப்படித்தான் எழுதி அழிப்பாரு."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. கம்ப்யூட்டரை அணைத்தேன். "இனி வீடியோ நக்கோ, வேண்டவே வேண்டாம். வேற புரோகிராம் ஒண்ணு, நீயா பேப்பர்ல எழுது."

வெகுநேரம் திணறி எழுதினாள்.

"எல்லாமே தப்பு" என்று முனகினாள்.

"இருக்கட்டும். இதெல்லாம் உன்னோட தப்பு, அவரோடது இல்ல" என்றேன்.