காஜாக்காவின் இருபது நிமிடம்

எங்கள் யூனிட்டிலிருந்து ஒரு நாளைக்கு நானூறு சட்டை வெளியே போகும். அத்தனைக்கும் பொத்தான் துளை, அதாவது காஜா, போடுகிறவள் ஒருத்திதான். அந்த மெஷினில் உட்கார்ந்து பதினாறு வருஷம் ஆனதால் காஜாக்கா என்றே அவளுக்குப் பெயர் நிலைத்துவிட்டது. நான் அடுத்த மேசையில் நூல் பிசிறு வெட்டுகிறவள். என் வாயும் கத்தரியும் ஒன்றாகத்தான் ஓடும் என்பார் சூப்பர்வைசர். ஓடட்டுமே, அவருக்கென்ன?

அக்காவுக்கு ஒரு தம்பி. வயது நாற்பத்தொன்று. இருபது வயதில், ஆளில்லாத அறையில் யாரோ தன்னைத் திட்டுவதாகக் காதைப் பொத்திக்கொண்டு தெருவுக்கு ஓடினவன். அன்றிலிருந்து ஆஸ்பத்திரி, மாத்திரை, வீடு, மறுபடி ஆஸ்பத்திரி. அம்மா போன பிறகு அவனுக்கு எல்லாமே அக்காதான். அண்ணன் ஒருவரும் வெளியூரில் இருக்கிறார். எப்போதாவது போன் பண்ணி, "நீ இருக்கியே, எனக்கென்ன கவலை" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார். நல்ல மனுஷன்! அந்த ஒரு வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அக்கா குளிக்கும்போது தாழ்ப்பாள் போடமாட்டாள். குழாயையும் பாதிதான் திறப்பாள். தண்ணீர்ச் சத்தத்தில் அவன் சத்தம் கேட்காமல் போய்விடுமாம். வேலை நேரத்தில் பதினோரு மணிக்கு ஒரு போன், மூன்று மணிக்கு ஒரு போன். அவன் எடுக்கத் தாமதமானால் மெஷின் நின்றுவிடும். போன தடவை அவன் வார்டில் கிடந்தபோது இரண்டு மாதம் அவள் வேலைக்கு வரவில்லை. "இன்னொரு தடவை இப்படின்னா வேற ஆளைத்தான் உக்கார வைக்கணும்" என்று சூப்பர்வைசர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். அதற்கப்புறம் பதினான்கு மாதமாக அவன் மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொண்டு வீட்டில் இருந்தான். அந்தப் பதினான்கு மாதத்தையும் அவள் பொத்திப் பொத்திக் காப்பாற்றி வந்தாள்.

அப்போதுதான் ஆஸ்பத்திரியில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். மனநோயாளிகளை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு மனவிழிப்புப் பயிற்சி, எட்டு வாரம், புதன்கிழமை சாயங்காலம்.

"மூச்சு விடுறதுக்கு வகுப்பாம்டி. இத்தனை நாளா நான் என்னத்த விட்டேனாம்?" என்றாள் அக்கா.

"பெருமூச்சுதான் விட்ட. பேசாம கிளம்பு. தம்பிகூட நான் இருக்கேன்."

பிடித்துத் தள்ளியது நான்தான். அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு அடித்துக்கொள்கிறது.

முதல் நாள் டீச்சர் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னாளாம். பத்துப் பேரில் ஒருத்தர்கூட மூடவில்லை. எல்லோருக்கும் ஒரு கண் செல்போனில், ஒரு கண் வாசலில். டீச்சர் சிரித்துவிட்டு, "சரி, திறந்துக்கிட்டே மூச்சைக் கவனிங்க" என்றாளாம். மூன்றாவது வாரம் அக்கா உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள். டீச்சர் எழுப்பவில்லை. மறுநாள் வேலைக்கு வந்தவளைப் பார்த்து நான் அசந்துபோனேன். முகம் அப்படித் தெளிந்திருந்தது.

வீட்டிலும் தினம் இருபது நிமிடம் செய்ய வேண்டும் என்று டீச்சர் தன் குரலைப் பதிவு செய்து கொடுத்திருந்தாள். அக்கா வேலை முடிந்து போனதும் சமையலறைத் தரையில் உட்கார்ந்து, செல்போனை ஸ்பீக்கரில் போட்டுக் கேட்பாள். சுவருக்கு அந்தப் பக்கம் தம்பி படுத்திருப்பான். அவனும் இப்போதெல்லாம் அமைதியாக இருக்கிறான் என்று அவளுக்குச் சந்தோஷம். மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போகும் அளவுக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

ஆறாவது வாரம் துணி துவைக்கும்போது அவன் பேண்டின் கீழ்மடிப்பு கனமாக இருந்தது. அவளே தைத்த மடிப்பு. ஓரத்தில் தையல் பிரிந்திருந்தது. உதறினால் மாத்திரைகள் கொட்டின. பதினோரு நாள் மாத்திரை!

"யாருடா போட வேணாம்னு சொன்னது?"

"அந்தம்மா."

அக்கா பேண்டைக் கீழே போட்டுவிட்டாள். புதிதாக ஒரு குரல் வந்துவிட்டதா?

"எந்தம்மா?"

"தினம் சமையல்கட்டுக்கு வருவாங்களே, அவங்கதான். இப்ப நீங்க எதுவும் செய்ய வேண்டியதில்ல, எதையும் சரிபண்ண வேணாம், இருக்குறபடியே இருங்கம்பாங்க. நல்லவங்கக்கா. மத்தவங்க மாதிரி திட்ட மாட்டாங்க."

மறுநாள் அரை நாள் லீவு போட்டு அவனை அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். நானும்தான் போனேன், சூப்பர்வைசர் முறைத்தால் முறைக்கட்டும். டாக்டர், "குறைச்ச அளவுல மறுபடி ஆரம்பிப்போம். ரெண்டு வாரம் பார்ப்போம். மறுத்தாருன்னா வார்டுல சேர்த்துடணும்" என்றார். வார்டு என்றதும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவன் வார்டுக்குப் போனால் அவள் மெஷின் போய்விடும்.

அவனை நர்ஸ் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு டீச்சரிடம் போனோம். விஷயத்தைக் கேட்டதும் அவள் முகம் வெளுத்துவிட்டது. "தப்பு என்னோடதுதான்க்கா. நான் முதல்லயே சொல்லியிருக்கணும். இனிமே இயர்போனைக் காதுல மாட்டிக்கிட்டுக் கேளுங்க" என்றாள்.

எனக்கு வந்ததே கோபம்! "ரெண்டு காதையும் அடைச்சுக்கிட்டு இவ உக்காந்தா, அந்த வீட்டுக்கு யாரு காது குடுக்குறது? நீங்க வருவீங்களா?"

டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. பாவம், அவளைத் திட்டி என்ன ஆகப்போகிறது?

அக்கா மட்டும் மெதுவாகக் கேட்டாள். "ஒண்ணு செய்றீங்களா? அதே குரல்ல, மாத்திரையைப் போட்டுக்கன்னு ஒரு வார்த்தை பேசிக் குடுங்க. இத்தனை வருஷமா நான் கெஞ்சுறேன். நீங்க சொன்னா உடனே கேப்பான்."

"அது கூடாதுக்கா. காதுல விழுற குரலுக்கெல்லாம் கட்டுப்படணும்னு நாமளே அவரைப் பழக்குன மாதிரி ஆயிடும். நாளைக்கு வேற ஒரு குரல் வேற ஏதாவது செய்யச் சொன்னா?"

நியாயம்தான். நியாயமாக இருந்ததுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

வீட்டுக்கு வந்து தம்பியைக் கட்டிலில் உட்கார வைத்தோம். அக்கா ஒரு கையில் மாத்திரையும் இன்னொரு கையில் தண்ணீருமாக எதிரே நின்றாள். அவள் செல்போனில் அந்தப் பதிவை நான் போட்டுக் காட்ட, இது ஒரு டீச்சர் எனக்காகப் பேசினது, உனக்கில்லை என்று பொறுமையாகச் சொன்னாள். அவன் கவனமாகக் கேட்டான். பிறகு அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"அப்ப உன்னைத்தான் எதுவும் செய்ய வேணாம்னு சொன்னாங்களா?"

"ஆமாடா."

"தினம் சொன்னாங்களே. நீ ஏன்க்கா கேக்கல?"

அக்கா அழுதுவிட்டாள். பதினாறு வருஷத்தில் அவள் அழுது நான் பார்த்ததில்லை. தம்ளர் ஆடித் தண்ணீர் அவன் முழங்காலில் சிந்தியது. அவன் பயந்துபோய், "அழாதக்கா, போட்டுக்குறேன், இதோ போட்டுக்குறேன்" என்று அவள் கையிலிருந்து மாத்திரையை வாங்கி வாயில் போட்டுத் தண்ணீரைக் குடித்தான். அவள் தலையைத் தடவிக் கொடுத்தான்.

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குனிந்து, அவன் தாடையைப் பிடித்து, "வாயைத் திற. நாக்கைத் தூக்கு" என்றாள்.