பாட்டோடு போன படம்

செங்கம் ரோட்டில் செல்போன் கடை வைத்திருக்கிறேன். பௌர்ணமியன்று கிரிவலம் வருகிறவர்கள் மெமரி கார்டில் சாமி பாட்டு ஏற்றச் சொல்லி முண்டியடிப்பார்கள். அப்படி ஒரு பௌர்ணமியில், ஒருவன் கொண்டுவந்த கார்டில் நிறைய பாட்டு இருந்ததால் அதை மொத்தமாக என் கம்ப்யூட்டரில் இறக்கினேன். திறந்து பார்க்கவில்லை. பிறகு வந்தவர்களுக்கெல்லாம் அதையே ஏற்றிக் கொடுத்தேன்.

மறுநாள், என்னிடம் பாட்டு ஏற்றிப் போன ஒரு டீச்சர், போலீஸில் இருக்கும் தன் அண்ணனோடு வந்து நின்றார். அவர் கார்டில் பாட்டோடு ஆபாசப் படமும் போயிருக்கிறது.

"என் பொண்ணுதாங்க மொதல்ல பாத்துச்சு" என்று டீச்சர் அழுதார்.

"சத்தியமா நான் பாக்கவே இல்ல சார்" என்றேன்.

"பாக்காமயே ஊருக்கெல்லாம் ஏத்தி உட்டியா? ஐ.டி. சட்டத்துல அறுபத்தேழாவது பிரிவு இருக்குடா. இத பரப்புனா வருஷக்கணக்குல உள்ள கெடப்ப" என்றார் அண்ணன்.

மகள் பெயர் வெளியே வரும் என்று பயந்து டீச்சர் புகார் கொடுக்கவில்லை. அதனால்தான் தப்பித்தேன், என் யோக்கியதையால் அல்ல. அன்று வேறு யார் யாருக்கு ஏற்றினேன் என்று இன்றுவரை தெரியாது. யாராவது கார்டோடு திரும்பி வந்தால், கூட யார் வந்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

இப்போது யார் கார்டிலிருந்தும் எதையும் இறக்குவதில்லை. ஒவ்வொன்றையும் ஓட்டிப் பார்த்துத்தான் ஏற்றுகிறேன். "சீக்கிரம் குடுய்யா, மலை சுத்தணும்" என்பார்கள். "அவசரம்னா வேற கடையப் பாருங்க" என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுகிறேன்.