காத்தாடி கை கோத்த நாள்

கட்டட வேலையிடத்தில் அவருக்குக் காத்தாடி என்று பெயர். கை அசையாமல் அவருக்குப் பேச்சு வராது. கிரேனுக்குக் கீழே நின்று சைகை காட்ட இவரைவிட்டால் ஆள் இல்லை என்று நினைத்துத்தான் சேர்த்தார்கள். சிக்கலும் அங்கேதான். கீழே இருக்கும் கை எதற்காக அசைகிறது என்று மேலே இருப்பவனுக்குத் தெரியாது. கை அசைந்தால் கிரேன் அசையும். கிரேன் ஓட்டியவன் அவர் மனைவியின் தம்பி.

ஒரு நாள் கம்பிக்கட்டு அந்தரத்தில் தொங்கும்போது, புதிதாக வந்த ஒருவர் கழிப்பறை எங்கே என்று கேட்டார். இவர் கையை நீட்டிக் காட்டினார். கம்பிக்கட்டும் மரியாதையாக அந்தப் பக்கம் நகர்ந்து, கழிப்பறையின் தகரக் கூரைக்கு மேலே போய் நின்றது. உள்ளே மேற்பார்வையாளர் இருந்தார். வெளியே வந்து அண்ணாந்து பார்த்தவர், பெல்ட்டை மாட்டி முடிக்காமலே பேசினார்.

“இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நீங்க செங்கல் சுமக்கப் போயிடுங்க.”

முழங்கால் தேய்ந்த மனிதருக்குச் செங்கல் சுமப்பதும் வேலையை விட்டுப் போவதும் ஒன்றுதான்.

அன்றிலிருந்து கை கிரேனுக்கு, வாய் மனிதர்களுக்கு என்று பிரித்துக்கொண்டார். பழக்கத்துக்கு வரட்டும் என்று வீட்டிலும் கைகளைத் தொடைக்கடியில் வைத்தே உட்கார்ந்தார். கை அடங்கியதும் வாயும் அடங்கிவிட்டது. காரணத்தைச் சொல்லலாம்தான், அதற்கும் கை வேண்டியிருந்தது.

மனைவி பொறுத்துப் பார்த்துவிட்டுத் தம்பிக்குப் போன் போட்டாள்.

“உன் மாமா என்கிட்ட முகம் கொடுத்துப் பேச மாட்டேங்கிறாருடா. நான் என்ன பண்ணேன்?”

“என்கிட்ட நாள் பூரா பேசுறாரேக்கா. ஏத்து, இறக்குன்னு.”

“நக்கலா? நாளைக்கு நேர்லயே வந்து கேக்குறேன்.”

வந்தாள். வாயிற்காவலர் தடுப்பதற்குள், கிரேனில் கான்கிரீட் வாளி தொங்கி வந்துகொண்டிருந்த வழியில் நேராக நடந்தாள். அவர் கையைப் பக்கவாட்டில் நீட்டி, உள்ளங்கை தரையைப் பார்க்க வீசினார்: நிறுத்து. வாளி நின்றது. உடனே இரண்டு கைகளையும் முன்னால் கோத்துக்கொண்டார். எதையும் தொடாதே, அப்படியே இரு என்று கிரேன் சைகையில் அதற்கு அர்த்தம். இனி கையைப் பிரித்தால் மச்சான் அதை என்னவென்று எடுத்துக்கொள்வானோ.

“அங்க நிக்காத. அந்தப் பக்கம் போ.”

“எந்தப் பக்கம்?”

கோத்த விரல்கள் துடித்தன.

“அதான், அந்தப் பக்கம்.”

“கையைக் காட்டிச் சொல்லுங்களேன். ஃபேன் மாதிரி சுத்துற கைக்கு இப்ப என்ன வந்துச்சு?”

தேநீரும் கையுமாக மேற்பார்வையாளர் நின்றுவிட்டார். அவர் பார்ப்பது இவருக்கும் தெரிந்தது.

“உன் சோத்துக்கைப் பக்கம் திரும்பு. மணல் குவியல் தெரியுதா? அதைத் தாண்டி நில்லு. உன் மேல கோபம் இல்ல. கையை ஆட்டினா வேலை போயிடும்னு பயம். அதான் பேசல. போம்மா.”

கை அசையாமல் அவர் அவ்வளவு நீளம் பேசி யாரும் கேட்டதில்லை. அவள் மணலைத் தாண்டிய பிறகுதான் கையைப் பிரித்து, இறக்கு என்று காட்டினார். வாளி பொறுமையாக இறங்கியது.

“செங்கல் வேணாம், இங்கயே நில்லுங்க” என்று சொல்லிவிட்டு மேற்பார்வையாளர் ஆறிய தேநீரைக் குடித்தார்.

சாயங்காலம் அவள் தம்பியிடம் பெருமை பேசினாள். “அத்தனை பேர் முன்னாடி கையைக் கோத்துக்கிட்டு என்கிட்ட கெஞ்சினாருடா.”

“அக்கா, அது எனக்குக் காட்டின சைகை.”

“உன்கிட்ட அவரு எதுக்குடா கெஞ்சணும்?”

காத்தாடி இரண்டு பேரையும் பார்த்தார். மறுக்க எழுந்த கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார்.

பல வருஷம் கழித்து அவர் இறந்துபோன பிறகு, துக்கம் கேட்க வந்தவர்களிடமும் அவள் இதைத்தான் சொன்னாள். கட்டடப் பொறியியல் படித்த மகள் பக்கத்தில் இருந்தாள். அது என்ன சைகை என்று அவளுக்குத் தெரியும்.

“ஆமா, கெஞ்சினாரு” என்றாள் மகள்.