ரொட்டிக்காரியின் நெற்றி

படச்சட்டத்தின் மூலை கடை முதலாளி லூசியனின் மூக்கை உடைத்தபோது, பவதாரணி கடையின் பின்பக்கத்தில் அட்டை வெட்டும் இயந்திரத்தின் முன் நின்றாள். அடித்தவர் ஜெனீவாவிலிருந்து வந்த சேகரிப்பாளர். மூன்று வாரத்துக்கு முன் இதே கடையில் வாங்கிய படத்தையே ஆயுதமாகத் தூக்கி வந்திருந்தார். கண்ணாடி சிதறியது. லூசியனின் சட்டை சிவந்தது.

சுவிஸின் நொஷாட்டல் நகரில் பவதாரணியை அறிந்தவர்கள் அவளுடைய வலது கையைத்தான் முதலில் சொல்வார்கள். பன்னிரண்டு வருடம் கடிகாரத் தொழிற்சாலையில் முகப்புத் தட்டுகளில் ஒளிரும் புள்ளி வைத்த கை. அங்கே ஆட்குறைப்பு நடந்தபோது, பழைய அச்சுப்படங்கள் விற்கும் லூசியன் அவளைப் படங்களுக்குச் சட்டம் போடும் வேலைக்கு எடுத்தார். ஒரே மாதத்தில் அந்தக் கையைக் கண்டுகொண்டார். மெக்சிக்கோ உழைப்பாளிகளைக் காட்டும் நூற்றைம்பது வருடப் பழைய கல்லச்சுப் படங்கள் அவரிடம் கறுப்பு வெள்ளையில் கிடந்தன: நெற்றியில் வார் மாட்டித் தண்ணீர்க்குடம் சுமப்பவன், கரி விற்பவன், சோள ரொட்டி தட்டுபவள். அந்தக் காலத்திலேயே கையால் நிறம் தீட்டியவை என்றால் மதிப்பே வேறு.

“கொஞ்சம் உயிர் கொடுங்கள், மதாம்,” என்றார்.

கொடுத்தாள். அவர் அவற்றை அசல் என்று விற்பது அவளுக்குத் தெரியும். மகள் மதுஜா படிக்கிறாள். வீடு இந்தக் கையில் ஓடுகிறது. வாயைத் திறக்கவில்லை.

பிழை ரொட்டிக்காரியின் நெற்றியில் நடந்தது. புருவங்களுக்கு நடுவே, காகிதத்தில் பழுப்புக் கறை ஒன்று இருந்தது. தூரிகையில் சிவப்பு மிச்சமிருந்தது. கை தானாகப் போனது. படம் விற்றுப்போன பிறகுதான், கூட வேலை செய்யும் தம்பித்துரை கைபேசியில் எடுத்து வைத்ததைப் பெருப்பித்துப் பார்த்தான்.

“பவாக்கா, மெக்சிக்கோக்காரிக்குப் பொட்டு வச்சு விட்டிருக்கிறியள். தாலியும் கட்டியிருக்கலாம்.”

“விசர்க்கதை கதையாதை. ஆர் பாக்கப் போகினம்?”

மெக்சிக்கோவில் பத்து வருடம் இருந்த ஒருவர் பார்த்தார். சேகரிப்பாளரின் நண்பர். அங்கே யாரும் பொட்டு வைப்பதில்லை என்று அவர் சொன்னதில்தான், சேகரிப்பாளர் படத்தைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்.

“அவள்தான் தீட்டினாள்,” என்று லூசியன் மூக்கைப் பொத்தியபடி சொன்னார். “எனக்கு ஒன்றும் தெரியாது.”

சேகரிப்பாளர் திரும்பி, பவதாரணியின் வலது மணிக்கட்டை முறுக்கி இயந்திரத்தின் தட்டில் அறைந்தார். மறுகையால் அதன் நீளக்கத்தியின் பிடியைப் பற்றினார்.

“எந்த விரல்?” என்று பிரெஞ்சில் மெதுவாகக் கேட்டார்.

உதைத்தாள், அசையவில்லை. தலையால் அவர் வாயில் மோதினாள். பல்லில் இரத்தத்தோடு சிரித்தார். பிடி இறங்கத் தொடங்கியது. அவளுடைய இடது கை தட்டைத் துழாவி, அட்டை கீறும் சிறுகத்தியை எடுத்தது. அவருடைய முன்கையில் குத்தி, முழங்கைவரை இழுத்தாள். அலறிக்கொண்டு விழுந்தார். அவர் பாரத்தோடு இயந்திரத்தின் நீளக்கத்தியும் இறங்கியது.

கிடங்கிலிருந்து ஓடி வந்த தம்பித்துரை, பொலிஸ் வரும்வரை சேகரிப்பாளரின் முதுகில் ஏறி உட்கார்ந்திருந்தான்.

ஆள்காட்டி விரல் முதல் மூட்டோடு போனது. நடுவிரலை வைத்தியர்கள் தைத்துக் காப்பாற்றினார்கள். மறுநாள் காலை தம்பித்துரை கட்டிலருகே வந்து நின்றான்.

“பத்ரோன் லூசியன் போன் எடுத்தவர். நீங்கள்தான் முதல் கத்தி எடுத்தனீங்கள் எண்டு பொலிசிலை சொல்லிப்போட்டார். நிறம் தீட்டின கதையை நீங்கள் எடுக்காட்டி, மாத்திச் சொல்லுவாராம். வேலையும் இருக்காம்.”

“என்ன வேலை?”

“முன்னுக்கு நிண்டு வாற ஆக்களைப் பாத்துச் சிரிக்கிறது.”

“அவரின்ரை மூக்கு எப்பிடி?”

“கதைச்சா பண்டி மாதிரிச் சத்தம் வருது.”

சிரித்தாள். தையல் இழுத்தது.

“உள்ளதைச் சொன்னா உங்களையும் பிடிப்பாங்கள், அக்கா.”

“பிடிக்கட்டும். விரல் போயிட்டுது. வாயையும் அந்தாளுக்குக் குடுக்கச் சொல்லுறியோ?”

பொலிஸ்காரி வந்தாள். எந்தெந்தப் படம், என்ன நிறம், யார் சொல்லித் தீட்டியது என்று பவதாரணி ஒன்றுவிடாமல் சொன்னாள். பிறகு பேனாவை இடது கையில் வாங்கினாள். பெயர் கோணி, கோட்டை விட்டு இறங்கியது. வேறு தாள் தரட்டுமா என்று பொலிஸ்காரி கேட்டாள்.

“வேண்டாம்,” என்றாள். “இனி என் கையெழுத்து இதுதான்.”